மூளியின் இரண்டாவது கோடு

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பகலிலும் விளக்கெரியும் அறை ஒன்று இருந்தது. அலமாரி அலமாரியாகக் கண்ணாடிக் குடுவைகள். குடுவைகளுக்குள் நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி. உண்மையில் அது வெளிச்சத்தைத் தின்று வாழும் பாக்டீரியா. அந்த அறைக்கும் அதை ஒட்டிய ஆய்வுக்கூடத்துக்கும் பொறுப்பாளர் ஹெப்சிபா மேடம்.

மேடம் படித்ததெல்லாம் வெட்டும் நொதிகளைப் பற்றி. செல்லுக்குள் புரதங்களை வெட்டுவதற்கென்றே சில நொதிகள் உண்டு. கூடத்தில் அவற்றைக் கத்தரி என்பார்கள். புதிதாகச் செய்த புரதத்தின் வாலை நறுக்கி வேலைக்கு அனுப்புவது சின்னக் கத்தரி. கெட்டுப்போன புரதத்தைப் பிடுங்கியெடுத்துத் துண்டு துண்டாக்குவது பெரிய கத்தரி.

வெளிச்சத்தைப் பிடிக்கும் எந்திரத்தின் நடுவே டி ஒன் என்று ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. எந்த வெளிச்சத்தால் அது வேலை செய்கிறதோ, அதே வெளிச்சம் அதைக் கெடுக்கும். கடும் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. பெரிய கத்தரி வந்து அதை அப்புறப்படுத்தினால்தான் புதியது உட்கார முடியும்.

பெரிய கத்தரி இல்லாமலும் இந்த பாக்டீரியா உயிர் வாழும் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதியவர் ஹெப்சிபா மேடம். எழுதியதோடு, அப்படி ஒன்றை உண்டாக்கியும் காட்டினார். கத்தரிக்கான மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கானமைசின் என்ற மருந்தைத் தாங்கும் சிறிய துண்டு ஒன்றை வைத்தார். மருந்து கலந்த தட்டில் அது மங்கிய வெளிச்சத்தில் மெதுவாக வளர்ந்தது. கூடத்தில் அதற்கு மூளி என்று பெயர்.

மூளியை வைத்துப் பதினோரு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் மெய்யம்மை.

மெய்யம்மை தேவகோட்டைப் பெண். கேட்டால்தான் பேசுவாள், கேட்டாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் பேசுவாள். அந்தக் கூடத்து வழக்கப்படி, சேர்ந்த முதல் நாளே அவள் மூளியைத் தன் கையால் புதுத் தட்டில் தீற்ற வேண்டியிருந்தது. வளையக் கம்பியை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, பழைய தட்டிலிருந்து ஒரு துளி பச்சையைத் தொட்டு, புதுத் தட்டின் கூழ்மேல் கோடு கோடாக இழுக்க வேண்டும். அழுத்தி இழுத்ததில் கம்பி கூழைக் கிழித்துவிட்டது. மேடத்தின் முதல் மாணவர் இளம்பரிதி அன்று அங்கே வந்திருந்தார். பக்கத்துக் கல்லூரியில் பேராசிரியர், சனிக்கிழமைதோறும் வருவார்.

"உழவு நல்லா ஓட்டுறே. நாத்து எப்ப நடப்போறே?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மெய்யம்மையும் சிரித்தாள், தாமதமாக.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆய்வை முடித்து, ஆய்வேட்டின் வரைவோடு ஆய்வுச் சுருக்கத்தையும் எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோகும்போது மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். இதில் எந்தப் பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறாய் என்பார். பழைய மாணவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருவர் நன்றியுரையைக் காட்டினாராம். அதில் அவர் வீட்டுக்கு இன்னும் தெரியாத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஒருத்தி, என் இங்கிலீஷ் முழுக்கவே யாரும் பார்க்கக் கூடாது மேம் என்றாளாம். இளம்பரிதி மட்டும் நிமிர்ந்து நின்று, அப்படி ஒரு பக்கமும் இல்லை என்றாராம். மேடம் எதற்கும் சிரித்ததில்லை. ஒரு நிமிடம் முகத்தைப் பார்ப்பார். பிறகு கையெழுத்துப் போடுவார்.

மெய்யம்மையின் நான்காம் வருடம் முடிய ஒன்றரை மாதம் இருந்தது. அதற்குள் சுருக்கத்தைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். வேலையெல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு படம் பாக்கி. மூளி உண்மையிலேயே மூளிதான் என்று காட்டும் படம். பதினோரு ஆய்வேடுகளிலும் அந்தப் படம் இருந்தது. கத்தரி இருந்த இடத்தை பிசிஆர் மெஷினில் படியெடுத்து, படிகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, புகைப்படம் எடுக்க வேண்டும். மருந்தைத் தாங்கும் துண்டு குட்டையானது. கீழே ஒரு கோடாகத் தெரியும். கத்தரி மரபணு நீளமானது; இருந்தால் மேலே ஒரு கோடாகத் தெரியும். மூளியில் கீழ்க்கோடு மட்டும்தான் இருக்கும்.

மெஷின் மேல் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. 'மூளி: 2 நிமிடம்.' மேடத்தின் கையெழுத்து. ஒவ்வொரு சுற்றிலும் படியெடுக்க மெஷினுக்குக் கொடுக்கும் நேரம் அது. மை மங்கியபோது யாரோ அதே எழுத்தின் மேல் கவனமாக மறுபடி எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

அன்று மெய்யம்மை மெஷினில் பட்டனை அழுத்தியபோது, முதல் நாள் வேறொருவர் தன் வேலைக்காக வைத்திருந்த நான்கு நிமிடத்தை மாற்ற மறந்துவிட்டாள். பாதியில்தான் பார்த்தாள். நேரம் கூடுதலாக இருந்தால் கெட்டுப்போகாது என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் ஜெல்லை விளக்கில் வைத்தாள். கோடு இரண்டாக இருந்தது.

கீழே தடித்த கோடு. மேலே, தலைமுடி அளவுக்கு, இன்னொன்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். விளக்கை அணைத்துப் போட்டாள். கோடு அங்கேயே இருந்தது.

வேறு குடுவையிலிருந்து ஏதோ கலந்துவிட்டது என்று முதலில் நினைத்தாள். நினைத்ததும் நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு செல்லிலிருந்து முளைத்த பொட்டு ஒன்றை எடுத்து, புதுத் தட்டில் தீற்றி, பத்து நாள் காத்திருந்தாள். கலப்படமாக இருந்தால் அதோடு போய்விடும். போகவில்லை. மூன்று பொட்டுகளை எடுத்தாள். மூன்றிலும் மேலே அந்தக் கோடு. மருந்தை இரண்டு மடங்காக்கினாள். கோடு மெலிந்தது. மூன்று மடங்காக்கினாள். இன்னும் மெலிந்தது. மறையவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அந்த பாக்டீரியாவின் ஒவ்வொரு செல்லிலும் மரபணுத் தொகுப்பு ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு பிரதிகள் இருக்கும். எல்லாப் பிரதியிலிருந்தும் கத்தரியை எடுத்தால்தான் அது மூளி. மருந்து கூடக் கூட, கத்தரியைக் கைவிட்டு மருந்தைத் தாங்கும் துண்டை வைத்துக்கொள்ளும்படி அதற்கு நெருக்கடி கூடும். இது பதினோரு பிரதியைக் கொடுத்துவிட்டு, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் குட்டையான துண்டு முந்திக்கொள்ளும். நீளமானது பாதியில் நின்றுபோகும். நான்கு நிமிடம் கொடுத்தால் அதுவும் வந்து நிற்கிறது.

அப்படியானால் பெரிய கத்தரி இல்லாமல் இது வாழாது. மேடம் எழுதியதற்கு நேர் எதிர். பதினோரு ஆய்வேடுகளுக்கும் எதிர். அவளுடைய நூற்று எண்பது பக்கத்துக்கும் எதிர்.

சனிக்கிழமை இளம்பரிதி வந்தபோது அவரைத் தனியே அழைத்துப் படத்தைக் காட்டினாள். அவர் முதலில் சிரித்தார். கோடு கூடிப் போனால் பட்டம் கூடிப் போகுமா என்றார். பிறகு படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றாள். நல்லது என்றார். அதற்குப் பிறகு அவர் வெகுநேரம் பேசினார், குரலை உயர்த்தாமல். பதினோரு பேரில் ஒன்பது பேர் இந்தப் பட்டத்தால் வேலையில் இருக்கிறார்கள். மேடத்துக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. இவளுக்கோ நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்வது குற்றமாகுமா? யார் கேட்டாலும் கூடத்து முறைப்படி செய்தேன் என்று சொன்னால் போதும்.

"ரெண்டு நிமிஷம் வை, மெய்யம்மை. மேம் எழுதி வெச்சதுக்கு மேல நமக்கென்ன தெரியும்?"

"ஆனா கோடு இருக்கேண்ணா."

"ரெண்டு நிமிஷத்துல இருக்காது."

திங்கட்கிழமை அவள் இரண்டு நிமிடம் வைத்தாள். படம் சுத்தமாக வந்தது. அதை ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒட்டினாள். மற்றப் படத்தைப் பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை மூடினாள். மேடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த மெஷின் இருந்த மூலைப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்தே நடந்தாள்.

புதன்கிழமை காலை கையெழுத்துக்குப் போனாள்.

மேடம் ஆய்வேட்டையும் சுருக்கத்தையும் புரட்டினார். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினார். பேனாவைச் சுருக்கத்தின் கடைசிப் பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதுல எந்தப் பக்கத்த யாரும் பாக்கக் கூடாதுன்னு நினைக்க, பிள்ள?"

மெய்யம்மை நன்றியுரை என்று சொல்வதாகத்தான் இருந்தாள். வழி நெடுக அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் வேறொன்று வந்தது.

"நாப்பத்தொண்ணு மேம்."

சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டாள். வேறு யாரோ பேசினாற்போல் இருந்தது. கை தானாகப் பைக்குள் போய், ஜிப்பைத் திறந்து, மற்றப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தது.

மேடம் படத்தைப் பார்த்தார்.

"எத்தன நிமிஷம்?"

"நாலு."

"தனிப் பொட்டு எடுத்துப் பாத்தியா?"

"மூணு எடுத்தேன். மருந்தையும் மூணு மடங்கு வரைக்கும் கூட்டினேன்."

"போகலியா?"

"போகல மேம்."

மெய்யம்மை அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். நான்கு வருடமாக அவள் எந்த முடிவைக் கொண்டுபோனாலும் மேடத்தின் முதல் சொல் ஒன்றே ஒன்று: ரிப்பீட். நல்ல முடிவென்றாலும் ரிப்பீட். மோசமான முடிவென்றால் மூன்று முறை ரிப்பீட். கூடத்துக் கிளி என்று ஒன்று இருந்தால் அதுவும் அதைத்தான் சொல்லும் என்று பின்னால் பேசிச் சிரிப்பார்கள்.

மேடம் அதைச் சொல்லவில்லை.

சொல்லாததை மெய்யம்மை கவனித்தாள். ஏன் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

மேடம் எழுந்துபோய் இரும்பு பீரோவைத் திறந்தார். அடித்தட்டில் இருந்த நோட்டுகளில் ஒன்றை உருவினார். தேடாமலே பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் மூன்று சிறிய படங்கள் ஒட்டியிருந்தன. முதலாவதன் கீழே: '4 நிமிடம். மேலே மெல்லிய கோடு. கலப்படமோ?' இரண்டாவதன் கீழே: '3 நிமிடம். இன்னும் இருக்கிறது.' மூன்றாவதன் கீழே: '2 நிமிடம். சுத்தம்.' அதற்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு சரிக்குறி.

மெய்யம்மை மூன்று வரியையும் படித்தாள். மறுபடி படித்தாள். எழுத்துகள் தெரிந்தன, பொருள் உள்ளே இறங்க மறுத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கலப்படம்னு நினைச்சேன். இல்ல, நினைக்கணும்னு நினைச்சேன். நீ செஞ்ச மாதிரி தனிப் பொட்டு எடுத்துப் பாத்திருந்தா பத்து நாள்ல தெரிஞ்சிருக்கும். வெளிநாட்டுல இன்னொரு குழு இதையே செஞ்சிட்டிருந்தது. அந்தப் பத்து நாள் எனக்கு இல்லன்னு தோணுச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பத்து நாளுக்குப் பஞ்சமே இல்ல. நோட்ட எடுக்கத்தான் கை வரல."

மேடம் சுருக்கத்தை மூடி, கையெழுத்துப் போடாமல் ஓரமாக வைத்தார். கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டுரை வெளியான இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். எழுத எழுத வாசித்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று முதல் வரி. பெரிய கத்தரியின் ஒரு பிரதி அந்த வகையில் இருக்கிறது என்று இரண்டாவது. இதைக் கண்டறிந்தவர் என் மாணவி மெய்யம்மை என்று மூன்றாவது. பிறகு நான்காவது வரி. கட்டுரையை எழுதுவதற்கு முன்பே அந்தக் கோட்டை நான் பார்த்தேன்; அது மறையும் வரை நேரத்தைக் குறைத்தேன்.

மெய்யம்மை அதுவரை மேடத்தின் பேச்சுக்கு நடுவே பேசியதில்லை.

"பிழை நடந்துபோச்சுன்னு எழுதினா போதுமே மேம். கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிறீங்க. அது போதும். பாத்தேன்னு ஏன் எழுதணும்?"

மேடம் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். வாய்மொழித் தேர்வில் கேட்பதுபோல் கேட்டார்.

"டி ஒன் கெட்டுப்போச்சு. பெரிய கத்தரி பாதி வெட்டிட்டு மீதிய அங்கயே விட்டிருச்சு. என்னாகும்?"

"புதுசு உள்ள போகாது."

"ஏன்?"

"இடம் ஒண்ணுதான் இருக்கு."

மேடம் மறுபடி கணினிப் பக்கம் திரும்பினார். நான்காவது வரி அப்படியே இருந்தது. பதினோரு பழைய மாணவர்களின் முகவரிகளையும் சேர்த்தார். ஒவ்வொரு பெயராகத் தட்டெழுதினார், தப்பில்லாமல். பிறகு அனுப்பினார்.

இவ்வளவும் நடந்து முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து அறையில் குடுவைகளைக் குலுக்கும் எந்திரம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் அதேமாதிரி கேட்பது மெய்யம்மைக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேடத்தின் செல்போன் அதிரத் தொடங்கியது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

உச்சிப்பொழுதில் இளம்பரிதி வந்துவிட்டார். வகுப்பைப் பாதியில் விட்டு வந்திருக்க வேண்டும். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள். மேடத்தைப் பார்க்காமல் நேரே மெய்யம்மையிடம்தான் போனார். இந்தப் பெண்ணை எடுக்க வேண்டாம், வாயைத் திறக்காத ஆள் ஒருநாள் திறந்தால் ஊரே எரியும் என்று அன்றைக்கே தான் சொன்னதாகச் சொன்னார். ஒன்பது குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்றார். நாலு நிமிஷமாம், நாலு நிமிஷம், இவளுக்கு மட்டும் கடிகாரம் வேறயா என்றார். மேடம் பாவம், அறியாமல் செய்த பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னென்னவோ எழுதிவிட்டார் என்றார்.

மேடம் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார், நல்லவேளை, இருந்தது. பச்சை மைச் சரிக்குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவருடைய ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இதே மையில் இதே குறி இருப்பதை மெய்யம்மை பார்த்திருக்கிறாள். கூடத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதை விரித்துக் காட்டுவார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மேம்" என்றார் கடைசியில்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் மேடம்.

இளம்பரிதி எழுந்தார். மெய்யம்மையைத் தாண்டிப் போனார். வாசலில் கழற்றிவிட்ட செருப்பை மாட்டாமலே படியிறங்கிப் போனார்.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

மேடம் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து மெய்யம்மையின் முன்னால் வைத்தார். ஒன்று, பதிவுக் காலத்தை ஒரு வருடம் நீட்டிக்கக் கேட்கும் படிவம். மற்றது, வழிகாட்டியை மாற்றிக்கொள்ளும் படிவம். இரண்டாவதில் மேடத்தின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பல்கலைக்கழகம் தன்னை விசாரிக்கும் என்று மேடம் சொன்னார். என்ன முடிவாகும் என்று தெரியாது என்றார். இவள் வேறு ஒருவரிடம் போய்விட்டால் இந்தக் கறை ஒட்டாது, நான்கு வருடத்தில் ஒன்றிரண்டாவது மிஞ்சும். இங்கேயே இருந்தால் எதுவும் மிஞ்சாது. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மெய்யம்மை படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடம். தேவகோட்டையில் அப்பா தெருவில் எல்லோரிடமும் மகள் பட்டம் வாங்கப்போகும் மாதத்தைச் சொல்லிவிட்டார். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம். தனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"நான் சேர்ந்த அன்னைக்கு மூளிய என் கையில கொடுத்தீங்க. அப்பவே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"பதினோரு பேர்கிட்டயும் அந்தக் கேள்வியக் கேட்டீங்க. யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்னுதானே?"

"யாரும் சொல்லிடக் கூடாதுன்னும் கேட்டிருப்பேன். எது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது."

"நான் சொல்லாம விட்டிருந்தா?"

"கையெழுத்துப் போட்டிருப்பேன்."

அதை மேடம் சாதாரணமாகச் சொன்னார். மெய்யம்மைக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இன்று காலை வரை இந்த மனிதரைப்போல ஆக வேண்டும் என்றுதான் அவள் இருந்தாள். புடவையைக்கூட அவரைப்போலவே பின் குத்தப் பழகியிருந்தாள்.

அவள் முதல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நீட்டிப்புப் படிவம். பெயரை எழுதினாள். பதிவு எண்ணை எழுதினாள். அடுத்த கட்டம் வழிகாட்டியின் பெயர். பேனா அங்கே நின்றது.

"உங்க பேர இதுல எழுதினா" என்றாள், தலையை நிமிர்த்தாமல், "இனி உங்ககிட்ட நான் என்ன கத்துக்கறது, மேம்?"

மேடம் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெளுத்த பச்சையாகக் கிடந்த மூளியின் தட்டுகளைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல, பிள்ள. பன்னிரண்டு வருஷம் அதுக்கு விஷம் ஊத்தியிருக்கேன். அது கத்தரிய விடல. நான் கண்ணால பாத்த கோட்ட ஒரே சாயங்காலத்துல விட்டேன். அதுகிட்டப் போய்க் கேளு."